சுவரும் கூரையும்

புதுச்சேரியில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "அஜந்தா சிக்னல்ல திரும்புங்க", "ராஜா தியேட்டர் சிக்னலத் தாண்டி வாங்க", "பாலாஜி தியேட்டர்கிட்ட இறங்கிக்குங்க" என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஒன்று, ஊர் வாயில் புழங்கும் பெயர் ஒன்று, பலகையில் எழுதிய தலைவர் பெயர் ஒன்று என்று ஒரே தெருவுக்கு மூன்று பெயர் உள்ள ஊர் இது. தகராறில்லாமல் எல்லாரும் ஒப்புக்கொண்டவை கொட்டகைப் பெயர்கள்தான்.

நான் சொல்ல வந்த கொட்டகை சிக்னலுக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் குடியிருப்பில், இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்க நடுவில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. மாலைக் காட்சிக்கு முன்னால் ஒலிபெருக்கியில் முதல் பாட்டுப் போடும்போது உலை வைத்தால், படம் தொடங்குவதற்குள் சோறு வடித்துவிடலாம் என்பது அந்தத் தெருப் பெண்களின் கணக்கு. அந்தக் கொட்டகைக்காக வழக்காடிய இரண்டு குடும்பங்களும் இன்னும் இதே ஊரில்தான் இருக்கின்றன. கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தால் வணக்கம் சொல்லிக்கொள்கிறவர்கள். அதனால் பெயர் வேண்டாம்.

1991-ல் ஒரு நாள் காலை கொட்டகைக்காரர் என் அறைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. நான் அப்போது தனியாகத் தொழில் தொடங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. பெரிய வக்கீல்களிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தார் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு தெரிந்தது, பெரிய வக்கீலை எதிர்த்தரப்பு முன்பே பிடித்துவிட்டது.

"அய்யா, படம் ஓட்டக் கூடாதுன்றாங்க" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று இடத்துக்காரர் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். 1953-ல் போட்ட குத்தகை 36 வருஷத்துக்கு. அது 1989-லேயே முடிந்துவிட்டது, காலி செய். மற்றொன்று அந்த நோட்டீஸின் நகலோடு இடத்துக்காரர் லைசென்ஸ் அதிகாரிக்கு எழுதிய ஆட்சேபணை. கொட்டகையின் லைசென்ஸ் முடிய நாற்பது நாள்தான் பாக்கி.

முதல் காகிதம் என்னைப் பயமுறுத்தவில்லை. காலி செய் என்று நோட்டீஸ் வந்தால், வழக்காடி ஐந்து வருஷம் ஓட்டலாம் என்பது இந்தத் தொழிலில் பால்பாடம். இரண்டாவது காகிதத்தில்தான் விஷம் இருந்தது. மளிகைக்கடையைக் காலி செய்ய வழக்குப் போட்டால், வழக்கு முடியும்வரை மளிகை விற்கலாம். சினிமாக் கொட்டகை அப்படியல்ல. லைசென்ஸ் இல்லாமல் ஒரு காட்சிகூட ஓட்ட முடியாது. பூட்டுப் போட வேண்டியதில்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். மறுநாள் முதல் அது நாற்காலி போட்ட கிடங்கு.

அந்த ஆட்சேபணையை எழுதியவர் விவரம் தெரிந்தவர். 1973 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன எம்.சி. சொக்கலிங்கம் எதிர் வி. மாணிக்கவாசகம் வழக்கை அதில் குறிப்பிட்டிருந்தார். சினிமா லைசென்ஸ் வழக்கு நடத்தும் தமிழ்நாட்டு வக்கீல்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் மனப்பாடம். கொட்டகை உனக்குச் சொந்தமில்லை என்றால், அது உன்னிடம் சட்டப்படியான சுவாதீனத்தில் இருப்பதற்கு ஆவணம் காட்டு என்கிறது 1957-ம் வருஷத்துச் சென்னை சினிமா விதிகளில் 13-வது விதி. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் இடத்தில் இருக்கிறவனை இடத்துக்காரர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அந்த அளவுக்குச் சட்டம் அவனுக்குக் காவல். ஆனால் அந்தக் காவல் இருப்பதாலேயே அவன் சுவாதீனம் சட்டப்படியானது ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது. புதுச்சேரிக்கு 1964-லிருந்து தனி சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. இருந்தாலும் இங்கே அதிகாரி கேட்கிற கேள்வியும் அதேதான்: எந்த உரிமையில் உள்ளே இருக்கிறாய்?

பதில் ஒன்றுதான் இருந்தது. 1969-ம் வருஷத்துப் புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி குத்தகை முடிந்த பிறகும் தொடர்ந்து இருக்கிறவன் வாடகைதாரன்தான். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தினால் பெரியவர் வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பவர் ஆகமாட்டார், சட்டமே உட்கார வைத்திருப்பவர் ஆவார். சுவாதீனம் சட்டப்படியானது, லைசென்ஸ் தானே வரும். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, இந்தக் கேள்வி தீரும்வரை காட்சி நடத்த இடைக்கால அனுமதி வாங்கினேன். சென்னையிலிருந்து உத்தரவு நகலோடு பஸ்ஸில் திரும்பிய அன்று இரவு இரண்டாம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கவுன்டரில் இருந்தவர் என்னைப் பால்கனியில் உட்கார வைத்து ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த முதல் ஃபீஸ் அதுதான்.

ஆனால் வாடகைச் சட்டம் பொருந்துமா? அங்கே இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே நின்றது. 1975-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய துவாரகா பிரசாத் எதிர் துவாரகா தாஸ் சராஃப். அதுவும் உத்தரப்பிரதேசத்துச் சினிமாக் கொட்டகை வழக்குதான். குத்தகைக்கு விட்டது கட்டடத்தையா, கொட்டகைத் தொழிலையா என்று பார்க்கவேண்டும், பிரதான நோக்கம் எதுவோ அதை வைத்தே முடிவு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். மிஷின், திரை, நாற்காலி எல்லாவற்றோடும் ஓடுகிற கொட்டகையை ஒருவர் குத்தகைக்கு விட்டிருந்தால் அது வாடகைக் கட்டடம் ஆகாது. வாடகைச் சட்டத்தின் குடை அதற்குக் கிடையாது.

எதிர்த்தரப்பு நேராக சிவில் கோர்ட்டுக்குப் போய் அதையே சொன்னது. "என் அப்பா கட்டினார், என் அப்பா மிஷின் வாங்கி மாட்டினார், ஓடிக்கொண்டிருந்த கொட்டகையைத்தான் விட்டார்." மிஷின் வாங்கியதற்கு பிரெஞ்சில் அச்சடித்த ரசீது ஒன்றையும் தாக்கல் செய்தார்கள். அசல் ரசீது, சந்தேகமில்லை. பெரியவரிடம் கேட்டேன்.

"ஆமாங்கய்யா, மிஷின் அவங்கப்பாருதுதான்" என்றார், எந்தக் கவலையும் இல்லாமல்.

"அப்ப கேஸ் போச்சு."

"எங்கப்பாரு காசு குடுத்து வாங்கினாருய்யா!"

"ரசீது இருக்கா?"

"நொத்தேர்கிட்ட எழுதினாங்கன்னு எங்கப்பாரு சொல்லுவாரு."

வெளியூர் வக்கீல்களுக்கு இது விளங்காது. பிரெஞ்சு நாளில் இங்கே பத்திரம் எழுதுவது நொத்தேரின் வேலை. அவர் வெறும் பத்திர எழுத்தர் இல்லை. அரசு நியமித்த சட்டம் படித்த அதிகாரி. மூலப் பத்திரம் அவரிடமே தங்கிவிடும், கட்சிக்காரர்களுக்குப் பிரதிதான் கிடைக்கும். 1954 நவம்பர் 1-ம் தேதி ஊர் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஆனால் அந்தக் காகிதக் கட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. என் தலைமுறை வக்கீல்கள் பலருக்கு அதில் பாதி படிக்க வராது.

என் குமாஸ்தாவுக்கு வரும். கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படித்தவர், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். குத்தகைப் பத்திரத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "லெ மூர் எ லா துவாத்யூர்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"அப்படின்னா?"

"சுவரும் கூரையும். குத்தகைக்கு விட்டது சுவரும் கூரையும்னு எழுதியிருக்கான். மிஷினப் பத்திப் பேச்சே இல்ல."

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அண்ணன் என்னை அடக்கினார். மிஷினைப் பற்றிப் பேச்சில்லை என்றால் அது சேர்த்தி இல்லை என்றும் வாதாடலாம், சொல்லாமலே சேர்ந்தது என்றும் வாதாடலாம். எதிரில் இருக்கிறவர் பெரிய வக்கீல். அப்புறம் அண்ணன் பத்திரத்தின் தலைப்பில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். நொத்தேர் ஒவ்வொரு பத்திரத்துக்கும் வரிசையாக எண் போடுவார்.

"ஒரே ஆளுங்க ஒரே நாள்ல ரெண்டு காரியம் முடிச்சா நொத்தேர் ரெண்டையும் ஒண்ணுல போடமாட்டாரு. இதுக்கு அடுத்த நம்பரு என்னன்னு பாரு."

மனுப் போட்டு, கட்டணம் கட்டி, மூன்று வாரம் அலைந்தோம். அடுத்த எண்ணில், அதே தேதியில், அதே இரண்டு பேர். விற்பனைப் பத்திரம். இரண்டு புரொஜெக்டர், ஒலிக்கருவி, திரைச்சீலை, நாற்காலிகள், பெஞ்சுகள், அவற்றின் எண்ணிக்கை, மொத்த விலை, பணம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. இடத்துக்காரரின் அப்பா சுவரையும் கூரையையும் வாடகைக்கு விட்டுவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிஷினை விற்றிருக்கிறார். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பிரெஞ்சு ரசீது பொய்யில்லை. அடுத்த காகிதம் அவர்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இருந்தாலும் பத்திரத்தில் உள்ள மிஷின்தான் கேபினில் இருக்கும் மிஷின் என்று காட்டவேண்டும். நீதிமன்றம் ஓர் அட்வகேட் கமிஷனரை நியமித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டம் இல்லாத நேரத்தில், இரண்டு தரப்பு வக்கீல்களும் கமிஷனரும் குறுகலான இரும்புப் படியில் வரிசையாக ஏறினோம். கேபினுக்குள் ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆள் மூச்சுவிட முடியாது. இரண்டு புரொஜெக்டர்கள் அக்கம்பக்கமாக, தலையைச் சுவரின் ஓட்டையில் வைத்துக்கொண்டு நின்றன. கார்பன் கருகிய நெடி சுவரிலேயே ஊறியிருந்தது.

ஆபரேட்டர் அதற்குள்ளேயே நரைத்தவர். கமிஷனர் கேட்காமலே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். நொடிக்கு 24 படம், நிமிஷத்துக்கு 90 அடி. இரண்டாயிரம் அடி ரீல் என்றால் இருபத்திரண்டு நிமிஷம். அது தீர்வதற்குள் இரண்டாவது மிஷினில் அடுத்த ரீலை மாட்டி, கார்பனைப் பற்றவைத்து, திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி வந்துபோவதற்காகக் காத்திருக்கவேண்டும். முதல் புள்ளிக்கு மோட்டார், இரண்டாவது புள்ளிக்கு வெளிச்சத்தை மாற்றவேண்டும். "நீங்க கதாநாயகி அழுவுறதப் பாப்பீங்க, நான் மூலைய மட்டுந்தான் பாத்துனு இருப்பேன்" என்றார். எதிர்த்தரப்புப் பெரிய வக்கீல் சிரித்துவிட்டார். அவரும் இந்தக் கொட்டகையில் படம் பார்த்து வளர்ந்தவர்தான்.

மிஷினின் பக்கவாட்டில் இருந்த தகட்டில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார்போல் இறுகிக் கிடந்தது. ஆபரேட்டர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. கமிஷனர் டார்ச் அடித்து எண்ணைப் படிக்க, அண்ணன் பத்திரத்தைப் பார்த்து பிரெஞ்சிலேயே திருப்பிச் சொன்னார். முதல் மிஷின் ஒத்துப்போனது. இரண்டாவது ஒத்துப்போகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது பழசு தேஞ்சுபோயி எழுபத்தி நாலுல மாத்தினது. எங்க முதலாளி வாங்கினது. பில்லு கீழ பீரோவுல இருக்கு" என்றார் ஆபரேட்டர். இருந்தது.

1994-ல் சிவில் கோர்ட் சொன்னது: குத்தகைக்கு விடப்பட்டது கட்டடம் மட்டுமே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும், காலி செய்யச் சொல்ல இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அந்த நகலை வைத்து லைசென்ஸும் புதுப்பிக்கப்பட்டது. சுவரும் கூரையும் என்ற இரண்டு சொல்லில் ஒரு கொட்டகை தப்பியது.

பாதிதான் தப்பியது. இடத்துக்காரர் உடனே வாடகை நீதிமன்றத்துக்கு வந்து, இடித்துக் கட்டவேண்டும் என்று மனுப் போட்டார். அதற்கு இடம் தரும் புதுச்சேரிச் சட்டப் பிரிவு அன்றைய தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு உடன்பிறப்பு. அப்போது எங்களுக்கு உறுதுணையாக ஒரு தீர்ப்பு இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் பி. ஓர் அண்ட் சன்ஸ் கட்டடத்து வழக்கு. உடனே இடித்தாக வேண்டிய நிலையில் கட்டடம் இருந்தால்தான் இடிக்க உத்தரவு கேட்கலாம் என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எங்கள் சுவர்கள் இரண்டடி கனம், சுண்ணாம்புக் காரை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கவலையில்லை என்று இருந்தேன்.

கட்டடத்தின் நிலையைச் சொல்ல யாரைக் கூண்டில் ஏற்றுவது? தெருவே வரத் தயாராக இருந்தது. பூக்காரம்மா வந்து, "நான் சொல்றேன் சாமி, என் புள்ளைக்குப் பேரு வெச்சதே அங்க பாத்த படத்தாலதான்" என்றார். கொட்டகை வாசலில் முறுக்கு விற்பவர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், திருமண நாளன்று ஜோடியாகப் பார்த்த படத்தை இன்னும் சொல்கிற ஓய்வுபெற்ற டீச்சரம்மா, எல்லாரும் வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் சொல்வது அத்தனையும் சட்டத்தின் கண்ணுக்குச் சம்பந்தமில்லாதது. ஒரு தெரு ஒரு கட்டடத்தை நேசிக்கிறது என்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் இடமில்லை.

ஒருவரை மட்டும் ஏற்றினேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர். நாற்பது வருஷமாக வாரம் ஒரு படம் அந்தக் கொட்டகையில்தான். கோட்டு, தொப்பி, மார்பில் பதக்கம் சகிதம் கூண்டில் ஏறி நீதிபதிக்கு ஒரு சல்யூட் வைத்தார். முதல் விசாரணை நன்றாகவே போனது. பெரிய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"முசே, நீங்க இன்ஜினியரா?"

"இல்லீங்க."

"அப்ப கட்டடம் நல்லா இருக்கா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மழ பேஞ்சா எங்க ஒழுவும்னு தெரியும்."

கோர்ட்டே சிரித்தது. எனக்கு வயிறு கலங்கியது. என் சாட்சியே கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டார். பெரிய வக்கீல் அதோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு வினையாக முடிந்திருக்கும். ஆசை விடவில்லை.

"எங்கெங்க ஒழுவும்?"

"எங்கெங்கன்னா? தூணுக்குப் பக்கத்துல மூணாவது சீட்டு. அது ஒண்ணுதான். நாப்பது வருசமா அதே சீட்டுதான். வாளி வெச்சிருப்பாங்க. நான் அதுக்கு அடுத்த சீட்டுல ஒக்காருவேன், யாரும் இடிக்க மாட்டாங்க பாருங்க."

நீதிபதி பேனாவை எடுத்து அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1996-ல், காற்று திசை மாறியது. விஜய் சிங் எதிர் விஜயலட்சுமி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, கட்டடம் விழும் நிலையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. வயது, நிலைமை ஆகியவற்றோடு, இடத்துக்காரரின் நோக்கம் உண்மையானதா, இடித்துக் கட்ட அவருக்கு வசதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றது. இரண்டடிச் சுவர் மட்டும் எங்களைக் காப்பாற்றாது என்று ஆகிவிட்டது. பேச்சு சுவரிலிருந்து மனிதருக்குத் திரும்பியது.

அப்படித் திரும்பியதுதான் நல்லதாகப் போயிற்று. இடத்துக்காரரை மீண்டும் கூண்டில் ஏற்றி, எவ்வளவு செலவில் கட்டப்போகிறீர்கள், பிளான் வாங்கினீர்களா, பணம் எந்த பேங்கில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிளான் இல்லை. பணம் வரும் என்றார். எங்கிருந்து வரும்? முன்பணம் வாங்கியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். யாரிடம், எதற்கு? காலி இடமாக ஒப்படைத்தால் வாங்கிக்கொள்வதாக ஒருவரோடு கிரய உடன்படிக்கை. அவர் இடித்துக் கட்டப்போகவில்லை, இடித்து விற்கப்போகிறார். அந்தப் பிரிவு அதற்கல்ல.

மனு தள்ளுபடி. அப்பீல் தள்ளுபடி. 1999-ல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வும் தள்ளுபடி. அன்றைக்குத் தெருவில் சரவெடி வெடித்தார்கள். மாலை ஆட்டத்துக்கு எல்லாருக்கும் தரை டிக்கெட் விலையில் பால்கனி. பூக்காரம்மா என் வண்டியின் ஹேண்டில்பாரில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டுப் போனார். எட்டு வருஷம். கொட்டகையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே மஞ்சள் பை வந்தது. கொண்டு வந்தவர் பெரியவரின் மகன். பெரியவர் காலமாகியிருந்தார். படப்பெட்டி வருவது நின்று, படம் டிஜிட்டலில் வரத் தொடங்கிய காலம். புதிய மிஷின், ஏசி, புது நாற்காலி எல்லாம் போட்டால்தான் புதுப்படம் கொடுப்பார்கள். மகன் பிரான்சுக்குப் போகத் தீர்மானித்திருந்தார். இடத்துக்காரர் ஒரு தொகை தர ஒப்புக்கொண்டுவிட்டாராம். ஒப்படைப்புப் பத்திரம் எழுதவேண்டும், அதற்கு நானே வரவேண்டும் என்றார்.

எழுதினேன். யாரை எதிர்த்து எட்டு வருஷம் பேசினேனோ அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. எதெதை ஒப்படைக்கிறோம் என்று பட்டியல் போடவேண்டும். மிஷின் நம்முடையது, கழற்றி எடையில் போட்டாகிவிட்டது. நாற்காலி நம்முடையது, கல்யாண மண்டபக்காரர் கேட்டிருக்கிறார். திரை நம்முடையது. மீதி என்ன இருக்கிறது என்று யோசித்து, வழக்கில் ஜெயித்த அதே சொற்களையே மறுபடி எழுதினேன். சுவரும் கூரையும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷம் நான் காப்பாற்றியது கொட்டகையை அல்ல, வாடகைதாரரை. சட்டத்தின் கண்ணில் கொட்டகை என்று ஒன்று கிடையவே கிடையாது. இடத்துக்காரர் ஒருவர், வாடகைதாரர் ஒருவர், லைசென்ஸ் ஒன்று. வாடகைதாரரே போகிறேன் என்றால், தெருவின் சார்பில் ஆட்சேபணை போட யாருக்கும் உரிமை கிடையாது. பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லலாமே என்பார்கள். இந்த ஊரில் அந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் கடற்கரையில் அரசாங்கத்துக்கே சொந்தமான, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரி (நகரசபை) கட்டடம் 2014 நவம்பர் 29-ம் தேதி மழையில் சரிந்து விழுந்தது. பிறகு பழைய சாயலிலேயே மறுபடி கட்டினார்கள். அரசாங்கத்தின் சொந்தக் கட்டடத்துக்கே அந்தக் கதி. ஒரு சந்தில் இருக்கும் தனியார் கொட்டகைக்கு யார் குடை பிடிப்பது?

பிழைத்த கொட்டகைகள் எப்படிப் பிழைத்தன என்று அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். சென்னையில் 1913-ம் வருஷத்து எலெக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிற்கிறது. அது மவுண்ட் ரோடு தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் இருக்கிறது, தபால் துறைக்குச் சொந்தம். படம் ஓடவில்லை, தபால்தலை விற்கிறார்கள், ஆனால் சுவரும் கூரையும் இருக்கின்றன. பாரிசில் லா கிளெஃப் என்று ஒரு சிறிய தியேட்டர், 1973-ல் தொடங்கியது. 2018-ல் மூடிவிட்டார்கள். 2019-ல் சினிமாப் பித்தர்களும் அக்கம்பக்கத்தாரும் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு தினமும் படம் காட்டினார்கள். வழக்கு நடந்தது. 2022 மார்ச்சில் போலீஸ் வந்து வெளியேற்றியது. கோர்ட்டில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அதற்குள் ஒரு நிதியை உருவாக்கி, பணம் திரட்டத் தொடங்கியிருந்தார்கள். 2024-ல் அந்தத் தியேட்டரை விலைகொடுத்தே வாங்கிவிட்டார்கள். இனி அவர்களைக் காலி செய்யச் சொல்ல ஆள் கிடையாது. நான் கோர்ட்டில் ஜெயித்துக் கொட்டகையை இழந்தேன். அவர்கள் கோர்ட்டில் தோற்றுக் கொட்டகையை வாங்கினார்கள்.

சென்ற வருஷம் நான்கைந்து இளைஞர்கள் என் அறைக்கு வந்தார்கள். வேறொரு பழைய கட்டடம், வேறொரு தெரு. கையில் போட்டோக்கள், தொள்ளாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனு. "சார், கேஸ் போடலாமா?" என்று கேட்டார்கள்.

போடலாம் என்றேன். "நாலு வருசம், அஞ்சு வருசம் கெடைக்கும். எனக்கு எட்டு வருசம் கெடைச்சுது. அந்த எட்டு வருசத்துல அந்தத் தெருவுல ஒருத்தரும் ஒரு உண்டியல் வெக்கல. வெக்கணும்னு நானும் சொல்லல. கேஸ நான் பாத்துக்கறேன். நீங்க நாளைக்கே பேங்குல ஒரு கணக்குத் தொடங்குங்க."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் மனுவைப் புரட்டி, கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதத் தொடங்கினான். வக்காலத்துக்கு என்ன விவரம் வேண்டும் என்று கேட்பான் என்று பார்த்தேன்.

"கணக்கு தொடங்க எத்தன பேரு கையெழுத்து வேணும் சார்?" என்றான்.